கிட் ரிமோட் மக்கர் செய்யும்போது: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நிரலின் மாற்றங்களைப் பதிந்து காக்கும் கிட்டில், சர்வரில் உள்ள பொதுப் பிரதிக்கு (ரிமோட்) நம் வேலையை அனுப்பினாலும் (புஷ்), அங்கிருந்து எடுத்துச் சேர்த்தாலும் (புல்), டெர்மினலில் பிழை கொட்டும்போது கண் போய் நிற்பது கடைசி வரியில்தான். "குட் நாட் ரீட் ஃப்ரம் ரிமோட் ரெப்போசிட்டரி" என்று தொடங்கி, உரிமை இருக்கிறதா பார், ரெப்போ (திட்டத்தின் கிட் களஞ்சியம்) இருக்கிறதா பார் என்று முடிகிற அந்தச் சில வரிகளை எதற்கெடுத்தாலும் கிட் ஒப்பிக்கும். சாவி தவறு, முகவரி தவறு, இணைப்பு இல்லை, எல்லாவற்றுக்கும் அதே பாட்டு. உண்மையான காரணம் அதற்கு மேலே உள்ள வரியில் இருக்கும். கீழே வரும் அறிகுறிகள் அந்த மேல் வரியை வைத்தே பிரிக்கப்பட்டிருக்கின்றன.

கட்டளைகளை இங்கே வாயால் சொல்வது போலத் தமிழில் கொடுத்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். கோடு, இடைவெளி, புள்ளி எதுவும் மாறக்கூடாது. சர்வர் எடுத்துக்காட்டுகள், கிட் ரெப்போக்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பை வைத்து. கிட்லேபிலும் பிட்பக்கெட்டிலும் நம் கணினிப் பக்கத்து வேலை இதேதான்.

எதுவாக இருந்தாலும் முதலில் இந்த இரண்டு

கிட் ரிமோட் -வி
கிட் எல்எஸ்-ரிமோட் ஒரிஜின்

ஒரிஜின் என்பது ரிமோட்டுக்கு வழக்கமாக வைக்கும் பெயர். முதல் கட்டளை சர்வரைத் தொடுவதே இல்லை. நம் ரெப்போவில் .கிட்/கான்ஃபிக் கோப்பில் எழுதியிருக்கிற முகவரியைப் படித்துக் காட்டும், அவ்வளவுதான் (ஒரு விதிவிலக்கு கடைசிப் பகுதியில்). இரண்டாவது சர்வரை நேரே கூப்பிட்டு, அங்கே என்னென்ன கிளைகள் (பிராஞ்ச்), டேக்குகள் இருக்கின்றன என்று கேட்கும். நம் பக்கம் எதையும் மாற்றாது. எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம்.

பட்டியல் வந்துவிட்டால் முகவரி சரி, இணைப்பு சரி, படிக்கும் உரிமையும் இருக்கிறது. சிக்கல் கிளையிலோ வரலாற்றிலோ இருக்கிறது; இக்கட்டுரையின் பின்பாதிக்குப் போங்கள். பட்டியல் வரவில்லையென்றால் கிளைகளைக் குடைந்து பயனில்லை, முகவரியையும் அடையாளத்தையும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பொது ரெப்போ என்றால் ஹெச்டிடிபிஎஸ் வழியாக யார் கேட்டாலும் பட்டியல் வரும். எழுதும் உரிமை உண்டா என்பது புஷ் செய்தால்தான் தெரியும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "மெயின்" என்று நாம் சொல்லும் முதன்மைக் கிளை மூன்று இடங்களில் இருக்கிறது: சர்வரில் ஒன்று, நம் கணினியில் மெயின் என்று ஒன்று, நம் கணினியிலேயே ஒரிஜின்/மெயின் என்று ஒன்று. மூன்றாவது சர்வர் அல்ல. கடைசியாக ஃபெட்ச் செய்தபோது (சர்வரில் உள்ளதை நம் கிளையில் சேர்க்காமல் எடுத்து வந்தபோது) சர்வர் எப்படி இருந்ததோ அதன் போட்டோ. "ஒரிஜின்/மெயினுடன் சமமாக இருக்கிறது" என்று கிட் ஸ்டேட்டஸ் சொல்வது அந்தப் போட்டோவை வைத்துத்தான். போட்டோ மூன்று நாள் பழையதாக இருந்தாலும் அது கூசாமல் அப்படியே சொல்லும்.

"'ஒரிஜின்' டஸ் நாட் அப்பியர் டு பி எ கிட் ரெப்போசிட்டரி"

ஒரிஜின் என்ற பெயரில் ரிமோட் எதுவும் பதிவாகவில்லை. பெயர் தெரியாததால் அதை ஒரு கோப்புறையின் பாதையாக எடுத்துக்கொண்டு கிட் தேடியிருக்கிறது. அதனால்தான் செய்தி இப்படிக் குழப்பமாக வருகிறது. கிட் ரிமோட் -வி எதையும் காட்டாவிட்டால்:

கிட் ரிமோட் ஆட் ஒரிஜின் கிட்@கிட்ஹப்.காம்:குழு/திட்டம்.கிட்

சேர்த்த ஞாபகம் இருந்தும் காட்டவில்லையென்றால் வேறு கோப்புறையில் நிற்கிறீர்களா என்று "கிட் ரெவ்-பார்ஸ் --ஷோ-டாப்லெவல்" கொடுத்துப் பாருங்கள். உள்ளே இன்னொரு முறை கிட் இனிட் (புது ரெப்போ தொடங்கும் கட்டளை) ஓட்டிவிட்டு, ரெப்போவுக்குள் ரெப்போவாக நிற்பது அடிக்கடி நடப்பது.

இதற்கு நேரெதிர், "ரிமோட் ஒரிஜின் ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்". ஏற்கனவே இருக்கிறது, ஆகவே ஆட் வேலைக்காகாது. பலர் ரிமூவ் செய்துவிட்டு மறுபடி ஆட் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒரிஜின்/ என்று தொடங்கும் எல்லாப் போட்டோக்களும், எந்தக் கிளை எதைப் பின்தொடர்கிறது என்ற அமைப்பும் சேர்ந்தே போய்விடும். முகவரியை மட்டும் மாற்ற இது போதும்:

கிட் ரிமோட் செட்-யுஆர்எல் ஒரிஜின் புதிய-முகவரி

"ரெப்போசிட்டரி நாட் ஃபவுண்ட்"

எழுத்துப்பிழை இல்லை, பிரவுசரில் திறந்தால் ரெப்போ கண் முன்னால் இருக்கிறது, கிட் மட்டும் இல்லை என்கிறது. தனியார் ரெப்போவில் உரிமை இல்லாதவருக்கு "அனுமதி இல்லை" என்று பதில் சொன்னால், அப்படியொரு ரெப்போ இருக்கிறது என்பதே வெளியே தெரிந்துவிடும். அதனால் கிட்ஹப் வேண்டுமென்றே "இல்லை" என்கிறது. பிரவுசரில் நுழைந்திருப்பது ஒரு கணக்கு, கிட் நீட்டுவது இன்னொரு கணக்கு என்று பெரும்பாலும் இருக்கும்.

ஹெச்டிடிபிஎஸ் முகவரியானால் பழைய கணக்கின் விவரம் கணினியில் சேமிக்கப்பட்டிருக்கும். விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜரிலும், மேக்கில் கீசெயினிலும் கிட்ஹப்.காம் என்ற பதிவைத் தேடி அழித்துவிட்டு மறுபடி முயலுங்கள். ஒரே கணினியில் இரண்டு கணக்கு புழங்குவதானால் முகவரியிலேயே பயனர் பெயரைச் சேர்த்துவிடலாம்: ஹெச்டிடிபிஎஸ்://பயனர்@கிட்ஹப்.காம்/குழு/திட்டம்.கிட்.

ரெப்போவின் பெயரை மாற்றியிருந்தால் கிட்ஹப் பழைய முகவரியிலிருந்து திருப்பிவிடும். அதை நம்பிக் காலம் தள்ளாதீர்கள். பழைய பெயரில் யாராவது புது ரெப்போ தொடங்கிய நொடியில் அந்தத் திருப்புதல் நின்றுவிடும்.

கடவுச்சொல் சரியாக அடித்தும் ஏற்கவில்லை

கிட் வேலைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதை கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 அன்று நிறுத்திவிட்டது. கடவுச்சொல் கேட்கும் இடத்தில் பர்சனல் ஆக்சஸ் டோக்கனை (கணக்கில் உருவாக்கிக்கொள்ளும், கடவுச்சொல்லுக்கு மாற்றான குறியீடு) ஒட்ட வேண்டும். ஒட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது இயல்பு.

டோக்கன் கொடுத்தும் சில புஷ் மட்டும் திரும்பி வருகிறதா? கிளாசிக் டோக்கனில் "ரெப்போ" உரிமை மட்டும் இருந்து, உங்கள் கமிட்டில் (பதிந்த மாற்றத் தொகுப்பில்) .கிட்ஹப்/வர்க்ஃப்ளோஸ் கோப்புறையில் உள்ள கோப்பு மாறியிருந்தால் புஷ் மறுக்கப்படும். "வர்க்ஃப்ளோ" உரிமையையும் டிக் செய்ய வேண்டும். நிறுவனக் கணக்கு ஒற்றை உள்நுழைவில் இயங்கினால், டோக்கனை அந்த நிறுவனத்துக்கென்று தனியாக அங்கீகரிக்கவும் வேண்டும்.

டோக்கனை முகவரிக்குள்ளேயே திணிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. வேலை செய்யும். ஆனால் அது .கிட்/கான்ஃபிக்கில் வெறும் எழுத்தாகக் கிடக்கும். திரையைப் பகிர்ந்துகொண்டு கிட் ரிமோட் -வி அடித்தால் எல்லோருக்கும் தெரியும். கிரெடென்ஷியல் ஹெல்ப்பரில் "ஸ்டோர்" என்பதும் வெறும் எழுத்துக் கோப்புதான். "கேஷ்" நினைவகத்தில் மட்டும் வைத்து, இயல்பாக 900 வினாடியில், அதாவது 15 நிமிடத்தில் மறந்துவிடும். லினக்ஸ் சர்வரில் கொஞ்ச நேர வேலைக்கு அதுவே நல்லது.

"பெர்மிஷன் டினைடு (பப்ளிக்கீ)"

கிட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, சாவிக் கோப்பால் அடையாளம் காட்டி இணையும் எஸ்எஸ்ஹெச்சை மட்டும் சோதியுங்கள்:

எஸ்எஸ்ஹெச் -டி கிட்@கிட்ஹப்.காம்

இங்கே டி பெரிய எழுத்து. எல்லாம் சரியென்றால் "ஹாய்" என்று உங்கள் பயனர் பெயரைச் சொல்லி, ஷெல் வசதி தரமாட்டோம் என்று முடிக்கும். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதுதான் வெற்றிச் செய்தி. முகவரியில் பயனர் எப்போதும் "கிட்" தான். உங்கள் சொந்தப் பெயரை அங்கே போட்டால் எந்தச் சாவியும் திறக்காது.

மறுத்தால் -விடி (வி சிறிய எழுத்து, டி பெரிய எழுத்து) கொடுத்து ஓட்டுங்கள். கொட்டுகிற வரிகளில் "ஆஃபரிங் பப்ளிக் கீ" என்று வருபவை மட்டும் போதும். எந்தெந்தச் சாவியை நீட்டிப் பார்த்தது என்று அதில் இருக்கும். நீங்கள் உருவாக்கிய சாவி அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால், பெரும்பாலும் அதற்குச் சொந்தமாக ஒரு பெயர் வைத்திருப்பீர்கள். ஐடி_ஈடி25519, ஐடி_ஆர்எஸ்ஏ போன்ற வழக்கமான பெயர்களைத்தான் எஸ்எஸ்ஹெச் தானாகத் தேடும். "எஸ்எஸ்ஹெச்-ஆட் கோப்பு" என்று ஏஜென்ட்டில் (சாவிகளை நினைவில் வைத்திருக்கும் நிரல்) ஏற்றுங்கள், அல்லது எஸ்எஸ்ஹெச்சின் கான்ஃபிக் கோப்பில் (~/.எஸ்எஸ்ஹெச்/கான்ஃபிக்) எழுதுங்கள். சாவி பட்டியலில் இருந்தும் மறுத்தால், .பப் என்று முடியும் பொதுச்சாவியை கிட்ஹப் கணக்கில் சேர்க்கவில்லை, அல்லது பாதியை ஒட்டியிருக்கிறீர்கள்.

தனிச்சாவிக் கோப்பை மற்றவர்களும் படிக்கலாம் என்று இருந்தால் எஸ்எஸ்ஹெச் அதைத் தொடாது. சிமாட் 600 கொடுங்கள். பழைய ஆர்எஸ்ஏ சாவிகளோடு மல்லுக்கட்டும் இடங்களில் "நோ மியூச்சுவல் சிக்னேச்சர் அல்காரிதம்" என்ற வரி தெரிந்தால், 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8 ஷா-1 கையொப்பத்தை இயல்பாக நிறுத்திவிட்டதுதான் காரணம். புதிதாக ஈடி25519 சாவி ஒன்று செய்துகொள்வதே சுருக்கமான வழி.

சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) போட்டு கிட்டை ஓட்டாதீர்கள். ரூட் பயனரின் சாவியைத் தேடும், அது இருக்காது. சில வேளை வேலை நடந்துவிட்டாலும் .கிட்/ஆப்ஜெக்ட்ஸ் உள்ளே ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் உருவாகும். அடுத்த சாதாரண கமிட் "இன்சஃபிஷியன்ட் பெர்மிஷன்" என்று நின்றுவிடும். அப்போது சோவ்ன் -ஆர் (ஆர் பெரிய எழுத்து) கொடுத்து உரிமையைத் திரும்ப வாங்க வேண்டியதுதான்.

"இன்ன ரெப்போவுக்கான அனுமதி இன்னாருக்கு இல்லை" என்று பெயரோடு மறுத்தால், சாவி வேலை செய்கிறது, ஆள்தான் மாறிவிட்டார். ஏஜென்ட்டில் இரண்டு சாவி இருக்கும்போது முதலில் நீட்டியதையே கிட்ஹப் ஏற்றுக்கொண்டு, அந்தக் கணக்காக உங்களை உள்ளே விடுகிறது. எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கில் இப்படி எழுதுங்கள்:

ஹோஸ்ட் கிட்ஹப்-வேலை
    ஹோஸ்ட்நேம் கிட்ஹப்.காம்
    யூசர் கிட்
    ஐடென்டிட்டிஃபைல் ~/.எஸ்எஸ்ஹெச்/வேலை_சாவி
    ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்

பிறகு ரிமோட் முகவரியை கிட்@கிட்ஹப்-வேலை:குழு/திட்டம்.கிட் என்று மாற்றுங்கள். கடைசி வரியை விட்டுவிட்டால், குறிப்பிட்ட சாவியோடு ஏஜென்ட்டில் உள்ள மற்றவற்றையும் நீட்டும், பழைய கதைதான்.

பதிலே இல்லை, நேரம் முடிந்துவிடுகிறது

அலுவலக, கல்லூரி வலைகளில் எஸ்எஸ்ஹெச்சுக்கான 22ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள். கிட்ஹப் 443இலும் எஸ்எஸ்ஹெச்சை ஏற்கிறது. "எஸ்எஸ்ஹெச் -டி -பி 443 கிட்@எஸ்எஸ்ஹெச்.கிட்ஹப்.காம்" என்று சோதித்து, பதில் வந்தால் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கில் ஹோஸ்ட்நேமை எஸ்எஸ்ஹெச்.கிட்ஹப்.காம் என்றும் போர்ட்டை 443 என்றும் எழுதிவிடுங்கள்.

"ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹாஸ் சேஞ்ச்டு"

பெரிய எழுத்தில் மிரட்டும் இந்தச் செய்தியை மதிக்க வேண்டும். சர்வரின் சாவி மாறியிருக்கிறது, அல்லது நடுவில் யாரோ நிற்கிறார்கள். கிட்ஹப்பின் ஆர்எஸ்ஏ தனிச்சாவி ஒரு பொது ரெப்போவில் சிறிது நேரம் வெளியே தெரிந்துவிட்டதால், 2023 மார்ச் 24 அன்று அதை மாற்றினார்கள். அதற்கு முந்தைய பதிவு நம்மிடம் இருந்தால் இன்றும் இந்தச் செய்தி வரலாம். "எஸ்எஸ்ஹெச்-கீஜென் -ஆர் கிட்ஹப்.காம்" என்று பழையதை நீக்குங்கள், இங்கே ஆர் பெரிய எழுத்து. மறுபடி இணையும்போது காட்டும் கைரேகையை கிட்ஹப்பின் உதவிப் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுவிட்டு யெஸ் சொல்லுங்கள். சோதனையையே அணைத்துவிடும் அமைப்பைச் சிலர் பரிந்துரைப்பார்கள். கேட்காதீர்கள்.

இதுவரை பார்த்தவை கதவு திறக்காத நோய்கள். இனி வருபவை, எல்எஸ்-ரிமோட் ஒழுங்காகப் பட்டியல் காட்டிய பிறகும் வருகிறவை.

"எஸ்ஆர்சி ரெஃப்ஸ்பெக் மெயின் டஸ் நாட் மேட்ச் எனி"

அனுப்பச் சொன்ன கிளை நம் கணினியில் இல்லை. ஒன்று, இன்னும் ஒரு கமிட்டும் போடவில்லை. அல்லது நம் கிளையின் பெயர் மாஸ்டர். கிட்ஹப் 2020 அக்டோபரிலிருந்து புது ரெப்போக்களுக்கு மெயின் என்று பெயர் வைக்கிறது. நம் கணினியில் கிட் இனிட் இன்னும் மாஸ்டர் என்றே வைக்கக்கூடும். "கிட் பிராஞ்ச் -எம் மெயின்" என்று மாற்றிவிட்டு, "கிட் புஷ் -யு ஒரிஜின் மெயின்".

அந்த -யு எதற்கென்றால், இந்தக் கிளை எதைப் பின்தொடர வேண்டும் என்று பதிவதற்கு. அதை விட்டால் அடுத்த முறை "நோ அப்ஸ்ட்ரீம் பிராஞ்ச்" என்று வரும். கிட் 2.37 அல்லது அதற்கு மேல் என்றால் புஷ்.ஆட்டோசெட்அப்ரிமோட் அமைப்பை ட்ரூ ஆக்கிவிட்டு இதை மறந்துவிடலாம்.

"ரிஜெக்டட்": புஷ் திரும்பி வருகிறது

அடைப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "ஃபெட்ச் ஃபர்ஸ்ட்" என்றால் சர்வரில் நம்மிடம் அறவே இல்லாத கமிட்டுகள் இருக்கின்றன. "நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்" என்றால் அவை நம்மிடம் வந்துவிட்டன, ஆனால் நம் கிளையில் சேரவில்லை. "புரொடெக்டட் பிராஞ்ச் ஹுக் டிக்ளைன்டு" என்றால் அந்தக் கிளையில் நேரடியாக எழுத விடமாட்டார்கள். எந்த ஃபோர்ஸும் (வலுக்கட்டாயப் புஷ்) உதவாது, வேறு கிளையில் ஏற்றிப் புல் ரிக்வெஸ்ட் (சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) போடுங்கள்.

முதல் இரண்டிலும் அவசரப்பட்டு எதையும் சேர்க்காமல், முதலில் பாருங்கள்:

கிட் ஃபெட்ச் ஒரிஜின்
கிட் லாக் --ஒன்லைன் --லெஃப்ட்-ரைட் மெயின்...ஒரிஜின்/மெயின்

நடுவில் மூன்று புள்ளி. இடது அம்புக்குறி போட்ட வரிகள் நம்முடையவை, வலது அம்புக்குறி போட்டவை சர்வருடையவை. இரு பக்கமும் வேறு வேறு வேலைதான் என்றால் "கிட் புல் --ரீபேஸ்" செய்துவிட்டு (நம் கமிட்டுகளை சர்வருடையவற்றின் மேல் மறுபடி அடுக்குவது) மறுபடி புஷ் செய்யலாம்.

இரு பக்கமும் ஒரே தலைப்புள்ள கமிட்டுகள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தால் நில்லுங்கள். ஏற்கனவே புஷ் செய்த கிளையை நீங்களே ரீபேஸோ அமெண்டோ (கடைசிக் கமிட்டைத் திருத்துவது) செய்திருக்கிறீர்கள். கிட் சொல்கிறதே என்று இங்கே சாதாரணமாகப் புல் செய்தால் பழையதும் புதியதும் கலந்து ஒவ்வொரு கமிட்டும் இரண்டு முறை வரலாற்றில் ஏறும். கிளை உங்களுடையது மட்டும்தான் என்றால் இதுவே ஃபோர்ஸுக்கு உரிய இடம்:

கிட் புஷ் --ஃபோர்ஸ்-வித்-லீஸ்

வெறும் --ஃபோர்ஸ் சர்வரில் என்ன இருந்தாலும் மிதித்துவிடும். இது நம் போட்டோவும் சர்வரும் ஒத்துப்போனால் மட்டுமே எழுதும். இதிலும் ஓட்டை உண்டு. சில எடிட்டர்கள் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்யும். போட்டோ புதிதாகிவிடும், ஆனால் நீங்கள் அதைப் பார்த்திருக்கமாட்டீர்கள். கிட் 2.30இலிருந்து --ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் என்பதையும் கூடச் சேர்த்துக்கொண்டால் அந்த ஓட்டை அடைபடும்.

தவறாக ஃபோர்ஸ் செய்துவிட்டீர்களா? டெர்மினலை மூடாதீர்கள். புஷ் முடிவில் இப்படி ஒரு வரி இருக்கும்:

+ 4713902...8260517 மெயின் -> மெயின் (ஃபோர்ஸ்டு அப்டேட்)

இடது எண்தான் நீங்கள் மிதித்த கமிட். அது உங்கள் கணினியில் இருந்தால் "கிட் புஷ் ஒரிஜின் 4713902:ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மீட்பு" என்று தனிக் கிளையாக மேலே ஏற்றிவிட்டு நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். டெர்மினல் மூடிவிட்டால் "கிட் ரெஃப்லாக் ஷோ ஒரிஜின்/மெயின்" காட்டும். நீங்கள் ஃபெட்ச் செய்யாமலே மிதித்திருந்தால் அந்தக் கமிட் உங்களிடம் இருக்காது. கடைசியாகப் புஷ் செய்த சக ஊழியரின் கணினியில் இருக்கும். அவர் புல் செய்வதற்குள் சொல்லிவிடுங்கள்.

"ரிஃப்யூசிங் டு மெர்ஜ் அன்ரிலேட்டட் ஹிஸ்டரீஸ்"

கிட்ஹப்பில் ரீட்மீ கோப்போடு ரெப்போ உருவாக்கி, நம் கணினியிலும் கிட் இனிட் செய்து கமிட் போட்டிருந்தால் இரண்டுக்கும் பொது மூதாதை இல்லை. இரண்டும் ஒரே திட்டம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரே ஒரு முறை "கிட் புல் ஒரிஜின் மெயின் --நோ-ரீபேஸ் --அலவ்-அன்ரிலேட்டட்-ஹிஸ்டரீஸ்". பழைய ரெப்போவில் திடீரென்று இது வந்தால் ரிமோட் முகவரி வேறு திட்டத்துக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

அழித்த கிளை இன்னும் தெரிகிறது. புதுக் கிளை வரவே இல்லை

முதலாவது எளிது. ஃபெட்ச் புதியதைக் கொண்டு வரும், பழைய போட்டோக்களைத் தானாக அழிக்காது. "கிட் ஃபெட்ச் --ப்ரூன்". நிரந்தரமாக வேண்டுமென்றால் ஃபெட்ச்.ப்ரூன் அமைப்பை ட்ரூ ஆக்குங்கள். "கேனாட் லாக் ரெஃப்" என்ற பிழைக்கும் பெரும்பாலும் இதுவே மருந்து: முன்பு "உள்நுழைவு" என்றொரு கிளை இருந்து, இப்போது சர்வரில் "உள்நுழைவு/படிவம்" என்று வந்திருக்கும். ஒரே பெயர் கோப்பாகவும் கோப்புறையாகவும் இருக்க முடியாதல்லவா.

இரண்டாவது, --டெப்த் 1 (கடைசிக் கமிட் மட்டும்) கொடுத்து குளோன் செய்தவர்களுக்கு, அதாவது ரெப்போவை இறக்கியவர்களுக்கு, வருவது. அந்த விருப்பம் ஒற்றைக் கிளையை மட்டும் கொண்டுவரும்படி ரிமோட்டையும் சேர்த்தே அமைத்துவிடுகிறது.

கிட் ரிமோட் செட்-பிராஞ்சஸ் ஒரிஜின் '*'
கிட் ஃபெட்ச் ஒரிஜின்

முழு வரலாறும் வேண்டுமானால் பிறகு "கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ".

பெரிய கோப்பால் புஷ் நிற்கிறது

கிட்ஹப் 50 எம்பிக்கு மேல் எச்சரிக்கும், 100 எம்பிக்கு மேல் மறுக்கும். கோப்பை அழித்து இன்னொரு கமிட் போட்டால் தீராது. முந்தைய கமிட்டில் அது இன்னும் இருக்கிறது, புஷ்ஷில் அதுவும்தான் போகிறது. கடைசிக் கமிட்டில்தான் சேர்த்தீர்கள் என்றால் "கிட் ஆர்எம் --கேஷ்டு கோப்பு", பிறகு "கிட் கமிட் --அமெண்ட்". அதற்கு முன்னால் என்றால் கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற தனிக் கருவி வேண்டும். அது வரலாற்றை மாற்றி எழுதிய பின் ஒரிஜினை வேண்டுமென்றே நீக்கிவிடும், கைதவறிப் பழைய இடத்தில் ஏற்றிவிடாமல் இருக்க. ரிமோட்டை மறுபடி ஆட் செய்துகொள்ளுங்கள்.

"ஆர்பிசி ஃபெயில்டு", "ஹங் அப் அன்எக்ஸ்பெக்டட்லி" என்று வந்தால் ஹெச்டிடிபி.போஸ்ட்பஃபரை 500 எம்பி ஆக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். அதன் இயல்பு அளவு 1 எம்பி. துண்டு துண்டாக அனுப்புவதை நடுவில் உள்ள ப்ராக்ஸி ஏற்காதபோதுதான் அது உதவும்; மற்றபடி நினைவகத்தைத் தின்பதுதான் மிச்சம். பிழை எண் 413 என்றால் சர்வர் பக்கத்து வரம்பு. சொந்த சர்வரில் என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர் மென்பொருள்) முன்னால் நின்றால் அதன் கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் இயல்பாக 1 எம்பிதான், அதை உயர்த்துங்கள். உங்கள் கையில் இல்லாத சர்வர் என்றால் எஸ்எஸ்ஹெச் முகவரிக்கு மாறுங்கள்.

"ரிஃப்யூசிங் டு அப்டேட் செக்டு அவுட் பிராஞ்ச்"

சொந்த சர்வரில் சாதாரணமாக கிட் இனிட் செய்த கோப்புறைக்குப் புஷ் செய்கிறீர்கள். அங்கே ஒருவர் அதே கிளையைத் திறந்து வேலை செய்துகொண்டிருக்கலாம் என்பதால் கிட் மறுக்கிறது. பலரும் புஷ் செய்யும் இடம் "கிட் இனிட் --பேர்" கொண்டு உருவாக்கியதாக இருக்க வேண்டும். அதில் வேலைக் கோப்புகளே இருக்காது.

முகவரி ஒன்று, போவது வேறொன்று

ஒரே புஷ்ஷில் இரண்டு சர்வருக்கு அனுப்ப நினைத்து "கிட் ரிமோட் செட்-யுஆர்எல் --ஆட் --புஷ் ஒரிஜின் இரண்டாம்-முகவரி" கொடுத்தால், முதல் சர்வருக்குப் போவது சத்தமில்லாமல் நின்றுவிடும். புஷ்ஷுக்கென்று ஒரு முகவரி வந்தவுடன் பழைய முகவரி ஃபெட்ச்சுக்கு மட்டும் என்று கிட் எடுத்துக்கொள்கிறது. இரண்டு முகவரியையும் --ஆட் --புஷ் என்று தனித்தனியே சேர்க்க வேண்டும். கிட் ரிமோட் -வி இப்போது ஒரு ஃபெட்ச் வரியும் இரண்டு புஷ் வரியும் காட்ட வேண்டும்.

கான்ஃபிக் கோப்பில் ஹெச்டிடிபிஎஸ் என்று கண்ணெதிரே எழுதியிருக்க, எஸ்எஸ்ஹெச் சாவிப் பிழை வருகிறதென்றால் எங்கோ ஒரு இன்ஸ்டெட்ஆஃப் விதி முகவரியை மாற்றிக்கொண்டிருக்கிறது. கிட் ரிமோட் -வி மாற்றிய பின் உள்ள முகவரியைக் காட்டும், "கிட் கான்ஃபிக் --கெட் ரிமோட்.ஒரிஜின்.யுஆர்எல்" எழுதியதை எழுதியபடியே காட்டும். இரண்டும் வேறுபட்டால் "கிட் கான்ஃபிக் --ஷோ-ஒரிஜின் --கெட்-ரெஜெக்ஸ்பி '^யுஆர்எல்'" கொடுங்கள். எந்தக் கோப்பில் அந்த விதி உட்கார்ந்திருக்கிறது என்று வரியின் முதலிலேயே இருக்கும்.